மலையேற்றத்துக்கு எந்த கியர்: 34 பல்லா, 30 பல்லா, ஒற்றைச் செயின்ரிங்கா?

மலைச் சாலைக்கு சைக்கிள் தயார் செய்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது கியர்களின் எண்ணிக்கையை. பின்னால் 11 வேகமா 12 வேகமா, மொத்தம் 22 கியரா 24 கியரா என்று. செங்குத்தான ஏற்றத்தில் அந்த எண்ணிக்கை ஒன்றுக்கும் உதவாது. இருக்கிற கியர்களிலேயே லேசானது எவ்வளவு லேசு என்பதுதான் அங்கே கேள்வி. அது சரியாக அமைந்துவிட்டால் மற்றதை எப்படியும் சமாளித்துக்கொள்ளலாம். அமையவில்லை என்றால் மற்ற 21 கியர்களும் இருந்து பயனில்லை.

முன்னால் பெடலோடு சுற்றும் செயின்ரிங்கின் பல் எண்ணிக்கையை, பின்சக்கரத்து கேசட்டில் (பல்சக்கரங்களின் அடுக்கு) செயின் உட்கார்ந்திருக்கும் சக்கரத்தின் பல் எண்ணிக்கையால் வகுத்தால் கியர் விகிதம் கிடைக்கும். 34/34 என்றால் 1. பெடல் ஒரு சுற்று, சக்கரமும் ஒரு சுற்று. சாலை சைக்கிள்களின் வழக்கமான 700சி சக்கரமாக இருந்தால் ஏறத்தாழ 2.1 மீட்டர் நகர்வோம். 34/28 என்றால் 1.21. பழைய பந்தய சைக்கிள்களில் வந்த 39/25 என்றால் 1.56. 30/34 என்றால் 0.88. எண் குறையக் குறைய மிதிப்பது லேசு, நகர்வதும் குறைவு.

இனி மலையை வைத்துக் கணக்குப் போடுவோம். ஆளும் சைக்கிளும் தண்ணீர்க் குப்பியும் சேர்ந்து 85 கிலோ. ஏற்றம் 10 சதவீதம், அதாவது 100 மீட்டர் போனால் 10 மீட்டர் உயரும் சாலை. கால்கள் தொடர்ந்து 200 வாட் தருகின்றன. ஓரளவு பழகிய ஒருவர் ஒரு மணி நேரம் நல்ல முயற்சியோடு தரக்கூடிய அளவு இது. அந்த ஏற்றத்தில் வேகம் மணிக்கு 8 கிலோமீட்டரைத் தாண்டாது. 39/25 கியரில் அப்போது பெடல் நிமிடத்துக்கு 41 முறைதான் சுற்றும். 34/28இல் 52. 34/34இல் 64. 30/34இல் 72. அதே ஆள், அதே சாலை, அதே வேகம். கால் படும் பாடு மட்டும் வேறு.

ஏற்றம் 15 சதவீதமானால் வேகம் 5.5 கிலோமீட்டருக்கு இறங்கிவிடும். அங்கே 34/34கூட நிமிடத்துக்கு 44 சுற்றுதான் தரும். 30/34 இருந்தாலும் 49. முன்னால் 30, பின்னால் 42 இருந்தால்தான் 60ஐத் தொடலாம்.

மெதுவாகச் சுற்றினால் என்ன, வேகம் ஒன்றுதானே என்று கேட்கலாம். வேகம் ஒன்றுதான், விசை ஒன்றல்ல. 200 வாட்டை நிமிடத்துக்கு 80 சுற்றில் கொடுக்க, 172.5 மில்லிமீட்டர் கிராங்கில் (பெடல் மாட்டியிருக்கும் தண்டு) பெடலின் மேல் சராசரியாக 14 கிலோ எடைக்குச் சமமான விசை போதும். 50 சுற்றில் கொடுக்க 22 கிலோவுக்கு மேல் வேண்டும். அதுவும் சராசரிதான், கால் கீழே இறங்கும் நேரத்தில் உச்ச விசை இதைவிட மிக அதிகம். 10 நிமிடம் இப்படி மிதிப்பது பயிற்சி. ஒன்றரை மணி நேரம் மிதித்தால் தொடை பிடித்துக்கொள்ளும், முழங்கால் பேச ஆரம்பிக்கும். மூச்சு வாங்குவது நின்றால் ஆறிவிடும். முழங்கால் வலி அப்படியல்ல, மறுநாளும் மறு வாரமும் கூடவே வரும். மலைக்கு லேசான கியர் கேட்பது சோம்பேறித்தனம் என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

இந்த எண்ணம் புதிதல்ல. டூர் டி பிரான்ஸ் பந்தயம் 1910இல் பிரெனீஸ் மலைகளுக்குப் போனது. ஆனால் ஓடும்போதே செயினை மாற்றிப்போடும் டெரெய்லரை அந்தப் பந்தயம் அனுமதித்தது 1937இல்தான். அதுவரை மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி, மறுபக்கத்துப் பெரிய பல்சக்கரத்தோடு ஏறினார்கள். இன்று நிலைமை நேரெதிர். இத்தாலியைச் சுற்றும் ஜிரோ டி இத்தாலியா பந்தயத்தில், 2023இல் மான்டே லுஸ்ஸாரி மலையேறும் தனிநபர் ஓட்டத்துக்கு ஸ்லோவேனிய வீரர் பிரிமோஷ் ரோக்லிச் வந்தது முன்னால் ஒற்றைச் செயின்ரிங், பின்னால் 10-44 கேசட்டோடு, அதாவது மிகச் சின்ன சக்கரம் 10 பல், மிகப் பெரியது 44 பல். கரடுமுரடான மண்பாதை சைக்கிள்களில் வைக்கும் கேசட் அது. வழியில் செயின் கழன்று நின்றுபோனார். திரும்ப ஏறி மிதித்து அன்றைய ஓட்டத்தையும் வென்றார், 14 நொடி வித்தியாசத்தில் பட்டத்தையும் வென்றார். உலகத்தின் மிக வலுவான கால்களே 44 பல் கேட்கும்போது நாம் 28 பல்லோடு ஏறி வீரத்தைக் காட்ட வேண்டியதில்லை.

சரி, உங்களுக்கு எவ்வளவு வேண்டும்? வாட் மீட்டர் இல்லாமலே கண்டுபிடிக்கலாம். இப்போதிருக்கும் சைக்கிளில், நீங்கள் போகும் ஏற்றங்களில் கடினமான ஒன்றில், இருப்பதிலேயே லேசான கியரில் உட்கார்ந்தபடி மிதியுங்கள். வலது முழங்கால் 30 நொடியில் எத்தனை முறை மேலே வருகிறது என்று எண்ணி இரண்டால் பெருக்குங்கள். அதுதான் உங்கள் கேடன்ஸ். ஏற்றத்தின் தொடக்கத்தில் எண்ணாதீர்கள், அங்கே எல்லோருக்கும் கால் புதிது. கடைசி மூன்றில் ஒரு பங்கில் எண்ணுங்கள். இப்போதைய விகிதத்தை இந்தக் கேடன்ஸால் பெருக்கி, நீங்கள் விரும்பும் கேடன்ஸால் வகுத்தால் தேவையான விகிதம் வந்துவிடும். 34/28இல் 50 சுற்று கிடைக்கிறது, 70 வேண்டும் என்றால்: 1.21ஐ 50ஆல் பெருக்கி 70ஆல் வகுத்தால் 0.87. அது கிட்டத்தட்ட 30/34. ஒரு தாளும் பேனாவும் போதும்.

எந்த ஏற்றத்துக்காகக் கணக்குப் போடுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். சராசரி சதவீதம் ஏமாற்றும். ஸ்பெயினின் ஆங்லிரு ஏற்றம் 12 கிலோமீட்டருக்கும் சற்று அதிகம். சராசரி 10 சதவீதத்தை ஒட்டி வரும். ஆனால் முதல் பாதி ஓரளவு சுமுகம், இரண்டாம் பாதியில்தான் வேலை. அதில் குவேஞா லெஸ் காப்ரெஸ் என்ற பகுதி 23 சதவீதத்தைத் தாண்டுகிறது. 10 சதவீதத்தை நம்பி கியர் வைத்தவர் அங்கே இறங்கித் தள்ளுவார். அதற்காக 50 மீட்டர் நீளமுள்ள ஒரு கொண்டை ஊசி வளைவின் உள்பக்கச் சரிவுக்கெல்லாம் கியர் தேட வேண்டாம். அதை எழுந்து நின்று தாண்டிவிடலாம், அல்லது வண்டி வராதபோது வளைவின் வெளிப்பக்கமாகப் போகலாம். மலையின் மிகக் கடினமான ஒரு கிலோமீட்டர் எவ்வளவு செங்குத்து என்று பாருங்கள். நான் கணக்கை வைப்பது அதன் மேல்தான். 2000 மீட்டருக்கு மேல் போகும் சாலை என்றால் இன்னும் கொஞ்சம் லேசாகவே வையுங்கள். காற்று மெலியும்போது கால் தரும் வாட்டும் குறையும்.

இனி வழிகளைப் பார்க்கலாம். சாலை சைக்கிள்களில் முன்னால் அதிகம் காணப்படுவது 50/34, 52/36 என்ற இரட்டைச் செயின்ரிங்குகள்; இங்கே முதல் எண் பெரிய செயின்ரிங்கின் பல், அடுத்தது சின்னதன் பல். கையில் 50/34 இருந்து, பின்னால் 11-28 கேசட் இருந்தால், முதல் வேலை கேசட்டை 11-34 ஆக்குவது. 1.21 இருந்த இடத்தில் 1.00 வந்துவிடும், 10 சதவீத ஏற்றத்தில் 52 சுற்று 64 ஆகும். செலவும் வேலையும் மிகக் குறைவான மாற்றம் இது. உடல் எடை குறைந்து, கால் வலுவாக உள்ளவருக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 65 கிலோ, 200 வாட் என்றால் அதே 10 சதவீதத்தில் 34/28கூட நிமிடத்துக்கு 68 சுற்று தரும். அப்படிப்பட்டவர் கியர் மாற்றுவதை விட்டுவிட்டு டயரைப் பார்க்கலாம்.

ஆனால் பின் டெரெய்லர் 34 பல்லை ஏற்குமா என்று பார்த்த பிறகே கேசட் வாங்க வேண்டும். ஒவ்வொரு டெரெய்லருக்கும் இரண்டு வரம்புகள் உண்டு. ஒன்று, அதிகபட்சமாக எத்தனை பல் சக்கரத்தின் மேல் ஏறும் என்பது. இன்னொன்று, எவ்வளவு செயினை இழுத்துச் சுருட்டி வைத்துக்கொள்ளும் என்பது. இரண்டாவதை இப்படிக் கணக்கிடலாம்: முன் செயின்ரிங்குகளின் வித்தியாசம், பின் கேசட்டின் வித்தியாசம், இரண்டையும் கூட்ட வேண்டும். 50/34க்கு 16. 11-34க்கு 23. மொத்தம் 39. செயினை இழுத்துப் பிடிக்கும் கீழ்க்கை, அதாவது கூண்டு, குட்டையாக உள்ள டெரெய்லர் இதைத் தாங்காது, நீளக் கூண்டு வேண்டும். பின்சக்கர டெரெய்லர் மாட்டும் இடத்தில் ஒரு சிறு நீட்டிப்புத் துண்டு வைத்து வரம்பைத் தாண்டுகிறவர்களும் உண்டு. வேலை செய்யும், கியர் விழுவது மட்டும் கொஞ்சம் சோம்பலாகும்.

பழைய 53/39 கிராங்க் வைத்திருப்பவர்கள் சின்ன செயின்ரிங்கை மட்டும் 34 ஆக்கிவிடலாம் என்று நினைப்பதுண்டு. முடியாது. அந்த கிராங்குகளில் செயின்ரிங்கைப் பிடிக்கும் போல்ட்கள் அமைந்த வட்டத்தின் விட்டம் பெரும்பாலும் 130 மில்லிமீட்டர். அதில் 38 பல்லுக்குக் கீழே எந்தச் செயின்ரிங்கும் உட்காராது. 34 வேண்டுமானால் 110 மில்லிமீட்டர் வட்டமுள்ள கிராங்க் வேண்டும். அதாவது கிராங்கையே மாற்ற வேண்டும். எப்படியும் கிராங்க் மாற்றத்தான் போகிறோம் என்றால் 50/34இல் நிற்பானேன்?

நான் பெரும்பாலானவர்களுக்குச் சொல்வது 46/30 அல்லது 48/31. மண்பாதைக்கான கிராவல் சைக்கிள்களுக்காக வந்த அளவு இது, ஷிமானோவின் ஜிஆர்எக்ஸ் வரிசையில் இரண்டுமே உண்டு. 11-34 கேசட்டோடு 46/30 வைத்தால் கீழே 0.88, மேலே 4.18. பின்னால் 11-36 வைத்தால் கீழே 0.83. இதற்கு எதிராக வரும் ஒரே வாதம், இறக்கத்தில் மிதிக்க வேகம் போதாது என்பது. எண்ணைப் பாருங்கள். 46/11இல் நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 47 கிலோமீட்டர். 50/11இல் 51. இந்த 4 கிலோமீட்டர் வித்தியாசத்துக்காக ஏறும்போது ஒரு மணி நேரம் கால் ஒடிய மிதிக்க வேண்டுமா? மலை இறக்கத்தில் 47ஐத் தாண்டினால் மிதிப்பதைவிட உடம்பைக் குனித்து, பெடலைச் சமமாக வைத்து, கண்ணைச் சாலையில் வைப்பதுதான் வேகமும் பாதுகாப்பும்.

சமதளத்திலும் 46 நஷ்டமில்லை. மணிக்கு 30 கிலோமீட்டரில் 90 சுற்று மிதிக்க வேண்டிய விகிதம் 2.65. அது 46இல் 17 பல்லுக்குப் பக்கத்தில் வருகிறது, கேசட்டின் நடுப்பகுதி. செயின் நேராக ஓடும். பந்தயத்தில் கூட்டமாக 50 கிலோமீட்டரில் ஓட்டுகிறவருக்கு இது பொருந்தாது, அவருக்கு 50 அல்லது 52 வேண்டும்தான். நம்மில் எத்தனை பேர் அப்படி ஓட்டுகிறோம்?

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை சில. 50 பல்லிலிருந்து 46க்கு வந்தால் செயின்ரிங்கின் ஆரம் சுமார் 8 மில்லிமீட்டர் குறைகிறது. முன் டெரெய்லரை அந்த அளவு கீழே இறக்க வேண்டும். சட்டத்தில் அது மாட்டும் காடி அவ்வளவு கீழே போகுமா என்று முன்பே பாருங்கள். ஜிஆர்எக்ஸ் கிராங்குகளில் செயின்ரிங் சாலை கிராங்கைவிட 2.5 மில்லிமீட்டர் வெளியே தள்ளி இருக்கும், அதனால் அதற்கான முன் டெரெய்லரையே போடுவது நல்லது. பின் டெரெய்லர் பழையதே போதும். 46க்கும் 30க்கும் வித்தியாசம் அதே 16தான், வரம்பு கூடவில்லை. செயினில் இரண்டு கண்ணி குறைத்தால் சரியாக உட்காரும்.

ஒற்றைச் செயின்ரிங் பற்றி நிறைய ஆர்வம் இருக்கிறது, காரணமும் உண்டு. முன் டெரெய்லர் இல்லை, ஒரே கியர் லீவரில் எல்லா கியரும், செயின் கழல்வது குறைவு. முன்னால் 40, பின்னால் 10-44 என்றால் கீழே 0.91, மேலே 4.0. முன்னால் 38, பின்னால் 10-52 என்றால் கீழே 0.73. எண்ணளவில் எந்தக் குறையும் இல்லை. குறை கியர்களுக்கு நடுவில்தான். 10-52 கேசட்டில் 42 பல்லுக்கு அடுத்தது நேராக 52. 24 சதவீதத் தாவல். 42இல் 60 சுற்று மிதித்துக் கொஞ்சம் திணறி 52க்குப் போனால், அதே வேகத்துக்கு 74 சுற்று மிதிக்க வேண்டும். ஒன்று கனம், இன்னொன்று காலைப் பதற வைக்கும். 11-34இல் 30க்கும் 34க்கும் இடையே தாவல் 13 சதவீதம்தான், கால் அதைச் சட்டென ஏற்றுக்கொள்ளும். இன்னொன்று: ஒற்றைச் செயின்ரிங்கில் ஏற்றம் முழுக்கச் செயின் கேசட்டின் உள்ளோரத்தில், சாய்ந்த கோட்டிலேயே ஓடுகிறது. மலையில் ஒரு மணி நேரம் அங்கேதான் இருக்கப் போகிறோம். தேய்மானமும் உராய்வும் அந்த இடத்திலேயே சேரும். 10 பல் சக்கரம் உள்ள கேசட்டுக்குப் பின் ஹப்பில் கேசட் ஏறும் ஃப்ரீஹப் பாகமும் தனி வகை என்பதை மறக்க வேண்டாம். பழைய சக்கரத்தில் அப்படியே ஏறாது.

அதனால் தார்ச் சாலையில் நீண்ட, சீரான ஏற்றம் ஏறுகிறவருக்கு இரட்டை. கல்லும் மண்ணுமான, மேடும் பள்ளமும் மாறி மாறி வரும் பாதைக்கு ஒற்றை. அங்கே சரிவு 20 மீட்டருக்கு ஒருமுறை மாறும். முன் கியரை மாற்ற நேரமே இருக்காது, தாவல் பெரிதாக இருந்தாலும் யாருக்கும் தெரியாது.

மூன்று செயின்ரிங் உள்ள சைக்கிள் கையில் இருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். 50/39/30 சாலை டிரிப்பிளோ 48/36/26 டூரிங் டிரிப்பிளோ, மலைக்கு இன்றும் அருமையான சாதனம். 26க்கு 34 என்றால் 0.76, நடுச் செயின்ரிங்கிலேயே அன்றாட ஓட்டம் முழுக்க முடிந்துவிடும். கியர்களுக்கு நடுவே இடைவெளியும் சின்னது. புதிதாகத் தேடிப் போனால்தான் சிரமம், சாலை சைக்கிள்களில் டிரிப்பிளுக்கான லீவர்கள் அரிதாகிவிட்டன.

பை கட்டிப் பயணம் போகிறவர்கள் கணக்கு முற்றிலும் வேறு. கூடாரமும் துணியும் சமையல் சாமானும் ஏற்றி மொத்தம் 110 கிலோ, நாள் முழுக்க மிதிக்க வேண்டியிருப்பதால் 150 வாட் என்று வையுங்கள். 10 சதவீதத்தில் வேகம் 4.6 கிலோமீட்டர். 30/34 அங்கே 41 சுற்றுதான் தரும். 60 வேண்டுமானால் விகிதம் 0.61, அதாவது மலை சைக்கிள் கிராங்கின் 22 பல்லும் பின்னால் 36 பல்லும். பயணத்துக்கு 0.7ஐத் தாண்டாமல் வைப்பது நல்லது. 9 வேக ஷிமானோ சாலை லீவர்கள் அதே தலைமுறை மலை சைக்கிள் பின் டெரெய்லரோடு அப்படியே ஒத்துப்போகும். பயணக்காரர்கள் இன்றும் 9 வேகத்தை விடாமல் வைத்திருப்பதில் அர்த்தம் இருக்கிறது. 10 வேகத்திலிருந்து கேபிள் இழுக்கும் அளவு மாறிவிட்டது, இடையில் ஒரு மாற்றி இல்லாமல் கலக்க முடியாது.

ஹப்புக்குள்ளேயே கியர் வைத்த ரோலாஃப் ஸ்பீட்ஹப்பும் பயணத்துக்கு உண்டு. 14 கியர், மொத்த வீச்சு 526 சதவீதம், ஒவ்வொரு தாவலும் 13.6 சதவீதம். முன்னால் 38, பின்னால் 16 வைத்தால் மிகக் குறைந்த விகிதம் 0.66. ஏற்றத்தின் நடுவில் நின்றுவிட்டால் நின்ற இடத்திலேயே கியரைக் குறைக்கலாம். டெரெய்லரால் இது முடியாது. செங்குத்தில் கனமான கியரில் மாட்டிக்கொண்டு கிளம்ப முடியாமல் தவித்தவருக்கு அதன் அருமை தெரியும். ஆனால் 7க்கும் 8க்கும் நடுவே மாற்றும்போது காலை ஒரு கணம் தளர்த்த வேண்டும், சாதாரண அமைப்பைவிட எடையும் அதிகம். சுமை இல்லாமல் ஏறுகிறவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

லேசு என்றால் எவ்வளவு வரை? 0.6க்குக் கீழே சாலையில் பெரிதாகப் பயனில்லை. 0.53இல் 60 சுற்று மிதித்தால் மணிக்கு 4 கிலோமீட்டர்; நடை வேகம் அது. அங்கே சைக்கிள் நிமிர்ந்து நிற்பதே பாடு, முன்சக்கரம் இப்படியும் அப்படியும் அலையும். இறங்கித் தள்ளினால் அதே வேகம், காலுக்கு ஒரு மாறுதலும் கிடைக்கும். மடக்கு சைக்கிள் வைத்திருப்பவர்கள் மட்டும் இந்த எண்களை அப்படியே எடுக்க வேண்டாம். 20 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.5 மீட்டர்தான் நகரும், அதனால் அதில் 1.0 என்பது பெரிய சக்கரத்தில் 0.71க்குச் சமம்.

எதை மாற்றினாலும், மலைக்குப் போகுமுன் ஒரு சோதனை கட்டாயம். பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிப் பிடித்து, கையால் பெடலைச் சுற்றியபடி, முன்னால் பெரிய செயின்ரிங்கும் பின்னால் பெரிய பல்சக்கரமும் சேரும் கியருக்கு மெதுவாகக் கொண்டுபோங்கள். அந்த கியரை ஓட்டும்போது பயன்படுத்த வேண்டாம்தான், ஆனால் களைப்பில் கை தானாக அங்கே போகும். செயின் குட்டையாக இருந்தால் அந்த ஒரு தவறே டெரெய்லரை முறுக்கிப் பிய்த்துவிடும். டெரெய்லர் கூண்டு முன்னால் முழுக்க இழுபடாமல் இன்னும் கொஞ்சம் மடிப்பு மிச்சமிருந்தால் செயின் நீளம் சரி. அப்புறம் சின்னதுக்குச் சின்னது போட்டுச் செயின் தொங்குகிறதா என்று பாருங்கள். சாலையில் ஏறத் தொடங்கும்போது, செங்குத்து ஆரம்பிக்கும் முன்பே முன்னால் சின்ன செயின்ரிங்குக்கு மாறி, பின்னால் இரண்டு மூன்று படி சின்ன பல்சக்கரத்துக்குப் போய்விடுங்கள். கால் காற்றில் சுற்றாது, முழு பாரத்தில் மாற்றும்போது செயின் உள்பக்கம் விழும் அபாயமும் இருக்காது.